சத்தம் செத்த கீபோர்டு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். மழை வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாளாக ஏமாற்றுகிறது.

செய்ய வேண்டியவை: பல் டாக்டர் தந்த எம்.சி.யை, விடுப்புச் சீட்டை, லலிதாக்காவிடம் கொடுக்க. கைத்தடி முனை தேய்ந்துவிட்டது, புதிது வாங்க. வெங்காயம். என்னோடு தங்கியிருக்கும் புவனா, வீட்டில் இருக்கிறது என்கிறாள். கூடையில் கைவிட்டுப் பார்த்தேன், சருகுதான்.

மஞ்சள் தடத்தில் மறுபடி மோட்டார் சைக்கிள். எங்களைப் போல் கண் தெரியாதவர்கள் நடக்கத்தான் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் புடைப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதன் மேல்தான் எல்லோருக்கும் மோட்டாரை நிறுத்தத் தோன்றுகிறது. கைத்தடியால் இரண்டு தட்டு சேர்த்தே தட்டினேன். "அக்கா, பாத்து போங்க லா" என்றான் ஒருவன். பார்த்துத்தான் போக வேண்டும், வேறென்ன.

ஆபீஸ். முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு நடந்ததை எழுதுகிறேன். மடையன். நல்லவன் வேறு, அதனால் இரட்டிப்பு மடையன்.

நடந்தது: வியாழன், வெள்ளி பல்வலி விடுப்பு. நேற்று எனக்கு முப்பத்தைந்து முடிந்தது. இன்று மாடியேறிப் போனால் என் மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். மூச்சு கேட்கிறது, கேக் வாசனை வருகிறது. லலிதாக்கா, சுரேன், போன் பிரிவு இருவர். "கைய வச்சிப் பாரு மகேஸ்" என்றார் லலிதாக்கா. முதலாளி சொன்னால் வைக்கத்தானே வேண்டும்.

வைத்தேன். என் கீபோர்டுதான், அதே கனம், அதே ஓரம். ஒரு விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. விரல் எதிலோ புதைந்து புதைந்து எழுந்தது. முதலில் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சுரேன் வேலை. அவனுக்கு கீபோர்டு பைத்தியம். செராஸ் வீட்டில் பதினொன்று வைத்திருக்கிறான். நான் இல்லாத மூன்று நான்கு நாளில் என் கீபோர்டை வீட்டுக்கு எடுத்துப் போய், எண்பத்தேழு சுவிட்சையும் கழற்றிவிட்டு, சத்தமே போடாத சுவிட்சு மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து தூரிகையால் கிரீஸ் தடவியிருக்கிறான். மேலே இருக்கும் தொப்பிகளும் புதிது. "தமிழ் எழுத்து போட்ட கேப்பு அக்கா. ஸ்பெஷலா செய்யச் சொன்னேன். கோல்ட் கலரு."

தமிழ் எழுத்து. தங்க நிறம். எனக்கு.

எல்லோரும் கை தட்டினார்கள். லலிதாக்காவுக்குத்தான் பெரிய சந்தோஷம். அவர் போனில் பேசும்போது என் கீபோர்டு சத்தம் எதிர்முனைக்குக் கேட்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் "தகரத்துல ஆலங்கட்டி விழுதா?" என்று கேட்டாராம்.

நான் என்ன சொன்னேன்? "ரொம்ப நன்றி சுரேன்" என்றேன். சிரித்தேன் வேறு. கேக் வெட்டினேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பல் பரவாயில்லை.

நேற்று ஆத்திரத்தில் சரியாக எழுதவில்லை. இன்று எழுதிவைக்கிறேன், பிறகு யாராவது "சும்மா ஒரு சத்தத்துக்காகவா?" என்று கேட்டால் சொல்ல.

சுவிட்சுகளுக்கு நிறத்தை வைத்துப் பேர். என்னுடையது நீலமாம். நீலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, முதலாம் ஆண்டு பள்ளிச் சீருடை. ஏழு வயது வரை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நீலம் வேறு. சீப்பின் பல்லை நகத்தால் இழுத்துவிடும்போது வருமே, அந்தச் சத்தம். விசை பாதி வழி இறங்கும்போது விரலில் ஒரு சின்ன மேடு தட்டும், அதே நேரம் 'கிளிக்'. அங்கேயே எழுத்து விழுந்துவிடும். அடி வரை அழுத்தத் தேவையில்லை. நான் அழுத்தவே மாட்டேன், மேட்டைத் தாண்டியதும் விரலை எடுத்துவிடுவேன். வேகம் அங்கேதான் வருகிறது. ஐந்து வருடமாக என் கையில் வலி இல்லாததும் அதனால்தான்.

கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டுவதுதான் என் வேலை, அது இடது காதில் ஓடும். ஒவ்வொரு எழுத்தையும் கணினி படித்துக் காட்டினால் அந்தக் குரல் பேசுபவர் குரலோடு மோதும், அதனால் அதை அணைத்துவிடுவேன். ஒரு பத்தி முடிந்தால் மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்பேன். நடுவில் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த கிளிக். 'க்' அடிக்க நினைத்து அடிக்காமல் விட்டால் வலது காதில் ஒரு ஓட்டை விழும், உடனே தெரியும். கண் இருப்பவர்கள் திரையைப் பார்க்கிறார்கள். எனக்குத் திரை அதுதான்.

இப்போது இருப்பது மாவு. மேலிருந்து அடி வரை ஒரே வழுக்கல். எங்கே எழுத்து விழுகிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. அடியிலும் ஏதோ ரப்பர் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் சத்தம் வராது. சுரேன் இதை "பட்டர் மாதிரி" என்று புகழ்கிறான். வெண்ணெயில் எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்?

இன்னும் இருக்கிறது. எல்லா கீபோர்டிலும் எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்னக் கோடு புடைத்திருக்கும். ஆள்காட்டி விரல்கள் அங்கே உட்கார்ந்தால் மற்ற எட்டும் தானாக இடம் பிடிக்கும். இந்தத் தங்கத் தொப்பிகளில் அது கிடையாது. அழகு கெடுமாம். அம்புக்குறி, பேக்ஸ்பேஸ், எஸ்கேப் மேலெல்லாம் நானே நகப்பூச்சால் வைத்த புள்ளிகளும் பழைய தொப்பிகளோடு போயின. அது என்ன என்று என்னிடம் கேட்கத் தோன்றவில்லையாம். அழுக்கு என்று நினைத்தானாம்.

இன்று மட்டும்:
— ஒரு பக்கத்தில் விட்ட எழுத்து பத்தொன்பது
— இரட்டித்த எழுத்து எட்டு
— கை ஒரு விசை தள்ளிப்போய் முழு வரியும் குப்பை, இரண்டு தடவை
— மணிக்கட்டு வலி

மதியம் சுரேனிடம் பழைய சுவிட்சுகள் எங்கே என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன். காப்பாரில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டானாம். தொப்பிகள் குப்பைக்கு. "மஞ்சளாயிருச்சு அக்கா. ஒரு வாரம் குடுங்க, பழகிரும்." நான் "சரி பா" என்றேன். மறுபடி.

லலிதாக்கா ஞாயிறு வேலையை உறுதிப்படுத்தினார். கிள்ளானில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புக்காரர்கள் சங்கத்தின் ஏஜிஎம், ஆண்டுக் கூட்டம். போன வருடம் யார் என்ன சொன்னார் என்று பெரிய சண்டையாம், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஆளுக்கு ஆள். அதனால் இந்த முறை பேசப் பேசத் தமிழில் தட்டி, பெரிய திரையில் போட வேண்டும். உறுப்பினர்கள் பார்த்து அங்கேயே திருத்தலாம். இது நன்றாகப் போனால் வெளியூர்க் கூட்டங்கள் எல்லாம் எனக்கு. போகாவிட்டால்? "போன் செக்‌ஷன்ல ஒரு இடம் இருக்கு மகேஸ், ஒனக்கும் ஈசி" என்று போன மாதமே சொல்லிவிட்டார். கண் தெரியாதவள் என்றால் ஒன்று மசாஜ், இல்லாவிட்டால் டெலிபோன். அந்த இரண்டுக்கும் வெளியே ஒரு நாற்காலி பிடிக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

ஜூலை 10, வியாழன்

மழை, ஒருவழியாக. துணி முழுக்க நனைந்தது. எடுக்க வேண்டியது புவனாவின் முறை.

கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புவனா தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. இரண்டு தெரு தள்ளி மசாஜ் சென்டரில் வேலை. எந்த முதுகில் எங்கே முடிச்சு என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். எண்பத்தேழையும் தடவி முடித்துவிட்டு, "இதுல எலும்பே இல்லையேடி" என்றாள்.

நன்றி சொன்ன கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் கோபித்துக்கொண்டாள்.

"என் கைத்தடிய எவனாச்சும் எடுத்து, அழகா இருக்கும்னு பூமாலை சுத்திக் குடுத்தா நான் தேங்க்ஸ் சொல்லுவனா? நாளைக்கே போயி வேணாம்னு சொல்லிரு."

"கேக்கு வெட்டிட்டேன்டி."

"கேக்க துப்பிரு."

அவளுக்கென்ன, சொல்வாள். நான் நாளை போய் வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் உழைத்த பையன் முகம் வாடும். லலிதாக்கா பெருமூச்சு விடுவார். போன் பிரிவில் "நல்லது செஞ்சாலும் குத்தம்" என்று ஒரு குரல் கேட்கும். கண் தெரியாதவள் கையில் எது வந்து விழுந்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். சாலையைக் கடக்கவே நினைக்காதவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பக்கம் விட்டாலும் நன்றி. சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது, மூளையைக் கேட்காமலே வருகிறது.

எஃப் மேலும் ஜே மேலும் துணிப் பிளாஸ்திரித் துண்டு வெட்டி ஒட்டினோம். சுண்டு விரல் நகம் அளவு. பரவாயில்லை. கை இடம் பிடிக்கிறது.

ஜூலை 12, சனி

வெயில். துணி மறுபடி துவைத்தேன்.

பிளாஸ்திரியோடு நான்கு மணி நேரம் பயிற்சி. செய்தி ஒலியை ஓடவிட்டுத் தட்டினேன். அடி வரை குத்திக் குத்தி அடிக்கிறேன், விரல் நுனி சிவந்திருக்கும். வேகம் பழையதில் முக்கால்வாசி. கூட்டத்துக்குப் போதும். பக்கத்துக்கு மூன்று தப்பு.

கீழ்வீட்டில் யாரோ குழந்தையைத் திட்டுகிறார்கள்: "தொடாத, தொடாதன்னு எத்தன வாட்டி சொல்றது?" நானும் அதையே சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

நாளைக்கு: நீலப் புடவை, இரண்டு இயர்போன், தண்ணீர்ப் போத்தல், கீபோர்டு.

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ஒன்பது மணிக்கு சுரேன் காரில் லலிதாக்காவோடு நாங்கள் மூவரும் கிள்ளான். சங்க மண்டபம் புழுக்கம், காற்றாடிகள் கடகட. வடை வாசனை. மேடைக்குக் கீழே எனக்கு ஒரு மேசை. சுரேன் கம்பியெல்லாம் மாட்டித் திரையைச் சரிபார்த்தான். நான் கழிவறை போய்வந்தேன்.

திரும்பி வந்து கை வைத்தால் பிளாஸ்திரி இல்லை.

லலிதாக்காவிடம் கேட்டேன். "நாந்தான் பிச்சிட்டேன் மகேஸ். கமிட்டிக்காரங்க வந்து பாக்குறாங்க, தமிழ் எழுத்து அழகா இருக்குன்னு போட்டோ எடுக்குறாங்க, நடுவுல காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி." வேறு பிளாஸ்திரி கேட்டேன். இப்போ எங்கே போவது என்றார். குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது.

சரி என்று இடது ஓரத்திலிருந்து விசைகளை எண்ணிக் கை வைத்தேன். தேசியகீதத்துக்கு எழுந்தேன், உட்கார்ந்தேன், எண்ணினேன். வரவேற்புரை தட்டினேன், வரி முடிவில் கேட்டேன், சரியாக இருந்தது. பிறகு தமிழ் வாழ்த்து. இயர்போனைக் கழற்றிவிட்டு மறுபடி எழுந்தேன். பாட்டு முடிந்து நான் உட்காரும்போதே தலைவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிட்டார். கடந்த ஆண்டில் மறைந்த உறுப்பினர்கள். ஆறு பெயர். எண்ணவில்லை, இயர்போனும் மாட்டவில்லை. அவசரத்தில் அப்படியே கை வைத்துத் தட்டத் தொடங்கினேன்.

தலைவர் தாளைப் பார்த்து, எந்தச் சந்து (லோரோங்), யார் என்று படித்தார். லோரோங் இரண்டு, இன்னார். லோரோங் நான்கு, வீரையா. ஆறையும் தட்டினேன். ஒரு எழுத்து விட்டதாகத் தோன்றவில்லை. தோன்ற வைக்க அங்கே என்ன இருந்தது? பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை மூக்கில் அடக்கினார். யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். சிறுபிள்ளைகள் போலும் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிட மௌனம்." எல்லோரும் எழுந்தார்கள், நானும். தலை குனிந்து நின்றேன். காற்றாடி கடகட. முன்வரிசையில் வளையல் சத்தம், யாரோ முந்தானையை வாயில் வைத்து அடக்கும் மூச்சு. ஒரு நாற்காலி கீறிக்கொண்டு நகர்ந்தது. நிமிடம் முடிந்ததும் சுரேன் காதருகே குனிந்தான். "அக்கா... கை ஒரு கீ தள்ளி இருந்துச்சு."

ஆறு பேரும் குப்பையாகத் திரையில். ஆள் உயர எழுத்தில். மண்டபம் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டே அஞ்சலி செலுத்தியிருக்கிறது.

அப்புறம் ஒரே கூச்சல். செத்தவர்களைக் கேலி செய்கிறீர்களா என்று ஒரு குரல். கமிட்டி வேண்டுமென்றே செய்தது என்று எதிர்க் கோஷ்டி. ஒரு பெண்மணி யாரோடும் பேசாமல் வெளியே போய்விட்டாராம், வீரையாவின் மனைவி. அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு கூட்டம் ஒத்திவைப்பு, 27ஆம் தேதிக்கு.

திரும்பும்போது பெடரல் நெடுஞ்சாலை நெரிசல். லலிதாக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஒந்தப்பு இல்ல மகேஸ். ஒன்ன அனுப்புனது ஏந்தப்பு. அடுத்த மாசத்துலேர்ந்து போன் பாக்குறியா?"

தப்பு செய்யக்கூட எனக்கு உரிமை இல்லை. அதற்கும் அவர்தான் பொறுப்பெடுத்துக்கொள்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

ஜூலை 14, திங்கள்

வானிலை தெரியாது. கவனிக்கவில்லை.

சுரேனைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். திரையை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறானா என்று கேட்டேன். லலிதாக்காவுக்காக எடுத்தானாம். வீரையா பெயர் இருந்த இடத்தைப் படிக்கச் சொன்னேன். வேண்டாம் அக்கா என்றான். படி என்றேன். படித்தான். ஐந்தாறு எழுத்து, வாயில் நிற்காத எழுத்துகள். பாதியில் நிறுத்தினான். முழுசாகப் படி என்றேன். முடித்தான்.

"எப்பப் பாத்த?"

"மொதப் பேரு அடிக்கும்போதே."

"ஏன் சொல்லல?"

"எல்லாரு முன்னாடியும் ஒங்கள... சங்கடப்படுத்த வேணாம்னுதான்."

ஆறு பேர் பெயரும் ஓடி, அதன் மேல் ஒரு முழு நிமிடமும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே பெயரோடு போயிருக்கும். இருநூறு பேர் பார்த்த சங்கடம் எனக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது என்ன மரியாதை?

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கீபோர்டு பிடிக்கவில்லை. அன்றைக்கே பிடிக்கவில்லை. சத்தத்தை எடுத்தது என் காதை எடுத்ததற்குச் சமம். கோட்டை எடுத்தது தடத்தின் மேல் மோட்டாரை நிறுத்துவதற்குச் சமம்.  கடைசியில், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா. நீங்க சிரிச்சீங்க" என்றான். அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிகிறது. அவன் மேல் இருக்கும் கோபத்தில் பாதி எனக்கு வரவேண்டியது.

மதியம் லலிதாக்கா சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் சொல்லச் சொல்ல என்னைத் தட்டச் சொன்னார். ஆபீசில் தமிழ் எனக்குத்தான் சுத்தமாம். இரண்டாம் வரி: "எங்கள் தட்டச்சாளர் பார்வையற்றவர் என்பதைக் கருத்தில் கொண்டு." கையை எடுத்துவிட்டேன். ஐந்து வருடமாக இதே கண்ணோடுதான் தட்டினேன், எத்தனை கடிதம் போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த வரி இருந்தால் அடிக்க மாட்டேன் என்றேன். அவரே ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். 'கறுத்தில்' என்று போட்டிருக்கிறாராம். போகட்டும்.

ஜூலை 16, புதன்

மாலை இடி. மழை இல்லை.

கிள்ளானிலிருந்து போன். வீரையாவின் மனைவி, தனலெட்சுமி. லலிதாக்கா எடுத்தார். அவர் குரல் உடனே இறங்கிக் குழைந்தது: "பாவம்மா, கண்ணு தெரியாத பொண்ணு..." எதிர்முனை என்ன சொன்னதோ, அவர் பேச்சை நிறுத்தினார். எழுந்து போய்க் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.

நான்தான் தட்டியவள் என்றேன்.

"சங்கத்துக்கு ஒங்க லெட்டர் வந்துச்சு. கண்ணு தெரியாது, மன்னிச்சிருங்கன்னு. எங்க வீட்டுக்காரரு அந்தச் சங்கத்துக்கு இருவது வருசம் நாக்காலி தூக்கிப் போட்டவரு. அவரு பேரு அப்படிக் கெடந்துச்சு, நான் எந்திரிச்சி நின்னு பாத்தேன். என்னால ஒன்னப் பாவம் பாக்க முடியாதும்மா. எனக்குக் கோவமா இருக்கு."

"கோவப்படுங்க ஆன்டி. தப்பு என்னுதுதான். கை தள்ளி இருந்துச்சு, நான் எண்ணிப் பாக்காம அடிச்சிட்டேன். கண்ணு காரணம் இல்ல."

 எதிர்முனையில் அடுப்பை அணைக்கும் சத்தம்.

"அப்ப நீயே வந்து சரியாப் போடு. வேற ஆள அனுப்பக் கூடாது. ஒங்க முதலாளியம்மாகிட்ட குடு, நான் சொல்றேன்."

சொன்னார். லலிதாக்கா "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நான்கு தடவை சொன்னார்.

கழிவறையில் போய் அழுதேன். எனக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வரும், அது சனியன். ஆனால் இன்றைக்கு அது மட்டும் இல்லை. என்னை யாரும் நேராகத் திட்டி எத்தனை வருடம் ஆயிற்று. எல்லோரும் பஞ்சில் சுற்றிச் சுற்றியே பேசுகிறார்கள்.

ஜூலை 19, சனி

வெயில். வெங்காயம் வாங்கியாயிற்று.

சுரேன் எங்கள் வீட்டுக்கு வந்தான். காப்பார் நண்பரிடமிருந்து பழைய சுவிட்சுகளைத் திரும்ப வாங்கி வந்தான். ஒன்றை அழுத்திப் பார்த்தேன். கிளிக் செத்துவிட்டது. கொடுப்பதற்கு முன் அவற்றிலும் 'நல்லா இருக்கட்டும்' என்று கிரீஸ் தடவியிருக்கிறான். சத்தம் போடும் சுவிட்சுக்குக் கிரீஸ் போடக் கூடாது என்று கீபோர்டு பைத்தியங்கள் எல்லோருக்கும் தெரியுமாம், அவனுக்கும் தெரியுமாம், கை சும்மா இருக்கவில்லையாம். அது உன் கையின் வியாதி என்றேன்.

புது நீலமும் கோடு வைத்த சாதாரணத் தொப்பிகளும் கொண்டுவந்திருந்தான். மாட்டித் தருகிறேன் என்று ஆரம்பித்தான்.

"கை ரெண்டையும் மடியில வச்சிக்க. நான் கேட்டா மட்டும் சொல்லு."

நானே கழற்றினேன், நானே மாட்டினேன். சுவிட்சுக்கு அடியில் இரண்டு செம்புக் கால்கள், முடி கனம். வளைந்தால் உள்ளே போகாது. முதல் பத்தில் நான்கை வளைத்தேன். நகத்தால் நிமிர்த்தக் கற்றுக்கொண்டேன். அவன் மூச்சு பிடித்து உட்கார்ந்திருந்தான். இரண்டு தடவை "அக்கா, அது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மூன்றரை மணி நேரம். புவனா அவனுக்கு மட்டும் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "சும்மா இருக்குறது கஷ்டமா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

எண்பத்தேழு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வலப்பக்கக் கண்ட்ரோல் கொஞ்சம் மந்தம், அதை நான் தொடுவதே இல்லை.

தமிழ்த் தொப்பிகளை என்ன செய்வது என்றான். உன் வீட்டுப் பன்னிரண்டாவது கீபோர்டில் போட்டுக்கொள் என்றேன். இந்த முறை நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

லலிதாக்கா: "அந்தச் சத்தம் மறுபடி வந்திருச்சா?" வந்துவிட்டது என்றேன். போன் பேச வேண்டுமென்றால் அவர் அறைக்குக் கதவு இருக்கிறது, சாத்திக்கொள்ளலாம் என்றேன். சாத்திக்கொண்டார். வேகமாகவே சாத்தினார்.

ஞாயிறு கெட்டுப்போனால் ஆகஸ்ட்டிலிருந்து டெலிபோன். அவர் சொல்லவில்லை. ஆனால் போன் பிரிவில் எனக்கு ஹெட்செட் அளவு எடுத்தார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

தூறல். அதே மண்டபம், அதே புழுக்கம். சென்ற முறையைவிடக் கூட்டம் அதிகம். வேடிக்கை பார்க்கத்தான் என்று சுரேனே சொன்னான். கேட்டதை நேராகச் சொல்கிறான் இப்போதெல்லாம்.

பாட்டு முடிந்து உட்கார்ந்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார். கையைத் தூக்கி நிறுத்தினேன். நான் தயார் என்று சொன்ன பிறகு படியுங்கள் என்றேன். பின்னால் முணுமுணுப்பு. கோட்டைத் தேடி விரலை வைத்தேன், ஒரு வார்த்தை தட்டினேன், காதில் கேட்டேன், அழித்தேன். "இப்பப் படிங்க."

மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். கிளிக் கிளிக் என்று ஒவ்வொரு எழுத்தும். யாரும் சிரிக்கவில்லை. லோரோங் நான்கு வந்தது. வீரையா. தலைவர் ஐந்தாவது பெயருக்குப் போகும்போது முன்வரிசையிலிருந்து தனலெட்சுமி ஆன்டியின் குரல்.

"நில்லுங்க. மு. வீரையா. அவங்க அப்பா பேரு முனியாண்டி. மு வேணும்."

தலைவர் தாளில் அப்படி இல்லை என்றார். தாளில் இல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா என்றார் அவர். நான் அம்புக்குறியால் பின்னால் போய் மு சேர்த்தேன், புள்ளி வைத்தேன். அவர் திரையருகே வந்து உரக்கப் படித்தார். இனிஷியலோடு. சரி என்றார். உட்காரவில்லை, என் மேசைப் பக்கத்திலேயே நின்றார்.

மீதி இரண்டு பெயர். பிறகு "ஒரு நிமிட மௌனம்". இருநூறு நாற்காலி கீறியது.

நான் எழவில்லை.

பின்னாலிருந்து ஒரு ஆள் அடிக்குரலில், "எந்திரிங்க லா, மரியாத இல்லையா?" லலிதாக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்ததில்தான் போன தடவை கை தள்ளிப்போனது. கோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"வுடுங்க அவங்கள" என்றார் தனலெட்சுமி ஆன்டி. "கை அங்கயே இருக்கட்டும்."

லலிதாக்கா விட்டுவிட்டார்.